பின்கண்ணாடியில் பெருமாள்

பரிவட்டம் கட்டுவதற்குத் தலை வேண்டும். சந்தானகிருஷ்ணனுக்குத் தலை இருந்தது. ஆனால் அதன்மேல் ஹெல்மெட் இருந்தது. தவறு அங்கேதான் என்ற முடிவுக்கு அவர் வந்துசேர ஒரு வருடம் ஆயிற்று.

செந்நெற்குடி கதிர்காத்த பெருமாள் கோயிலில், தை உற்சவத்தன்று, கோயிலைக் காத்துவரும் குடும்பத்தின் தலைவருக்குப் பட்டர் தலையில் பட்டுத்துணி சுற்றி முதல் தீர்த்தம் கொடுப்பார். சுற்றிக்கொண்டவர் அந்தத் துணியை வீட்டுக்கே கொண்டுபோகலாம். குடும்பம் இப்போது சென்னை, பெங்களூர், டெக்சாஸ் என்று இறைந்து கிடந்தது. ஊருக்குப் பக்கத்தில் தஞ்சாவூரில் மிஞ்சியவர், வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற சந்தானகிருஷ்ணன் ஒருவர்தான். கோயிலுக்கு எண்ணெய் வாங்குவது, மடப்பள்ளிக்கு ஓடு மாற்றுவது, பட்டரின் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கேட்டு அலைவது, கொடிமரத்தில் கூடு கட்டிய குளவியை விரட்டுவது எல்லாம் அவர். பரிவட்டம் மட்டும் பெரியப்பா பிள்ளை ஸ்ரீவத்சனுக்கு. ஸ்ரீவத்சன் சென்னையில் சொந்தக் கம்பெனி வைத்திருந்தார். உற்சவத்தன்று காலையில் வந்து மாலை ரயிலுக்குப் போய்விடுவார். அந்தக் குளவியை அவர் கண்ணால்கூடக் கண்டதில்லை.

போன வருடம் சந்தானகிருஷ்ணன் ஸ்கூட்டரில் போய் கோயில் வாசலில் இறங்கினார். பட்டர் கையில் துணியோடு அவரை நோக்கி வேகமாக வந்தார். தனக்குத்தான் என்று சந்தானகிருஷ்ணன் நினைத்துவிட்டார். ஹெல்மெட்டோடு தலையைக் குனிந்தார்.

"ஸ்வாமி, ஸ்கூட்டரைக் கொஞ்சம் ஓரமா விட்டுக்கோங்கோ. அண்ணா வண்டி வர்றது" என்றார் பட்டர். ஸ்ரீவத்சன் காரிலிருந்து ஒரு காலைத் தரையில் வைத்திருந்தார், மறு கால் இன்னும் உள்ளே இருந்தது. அதற்குள் பரிவட்டம் கட்டி முடிந்துவிட்டது.

பட்டர் ஆளைப் பார்ப்பதில்லை, வண்டியைப் பார்க்கிறார் என்று சந்தானகிருஷ்ணன் கண்டுபிடித்தார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சோழர் வரலாறு நடத்தியவர். பட்டத்து யானை இல்லாமல் எவனுக்காவது பட்டம் கிடைத்ததுண்டா? குடும்பத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த அஞ்சு மா நிலத்தை, அதைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த பொன்னுத்தாயிக்கே விலைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, யானை வாங்கக் கிளம்பினார்.

"ஹம்சா கல்யாணத்துக்குன்னு வெச்சிருந்த நிலம்" என்றாள் மனைவி மதுரம்.

"அப்பாவுக்குப் பரிவட்டம் கட்டினாத்தான் பொண்ணுக்கு நல்ல இடம் வரும்."

"எனக்குப் பரிவட்டத்தையே கட்டிவெச்சுடு" என்றாள் ஹம்சத்வனி. அவள் தஞ்சாவூரில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியாது.

மார்கழிக் காலையில், பனி விலகுமுன், அப்பாவும் பெண்ணும் புறவழிச் சாலையில் ஷஹ்பாஸின் பழைய கார் கொட்டகைக்குப் போனார்கள். குடும்பஸ்தர்கள் வாங்கும் வெள்ளை வண்டிகள் வரிசையாக நின்றன. கடைசியில், சுவரோரமாக, ஒரு கருப்பு ஜெர்மன் வண்டி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. நான்கு கதவு, நான்கு புகைக்குழாய். பந்தயத்துக்குப் பிறந்துவிட்டுக் குடும்பம் நடத்த வந்தது போன்ற உடம்பு. தஞ்சாவூர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் வயிறு தட்டும் உயரம். அதன் பக்கத்தில் போய் நின்றதுமே சந்தானகிருஷ்ணன் நிமிர்ந்துகொண்டார்.

"அதைப் பாக்காதீங்க சார்" என்று ஓடிவந்தான் ஷஹ்பாஸ். முப்பது வயதிருக்கும். "அது வெள்ளத்துல நின்ன வண்டி. ஏலத்துல தெரியாம எடுத்துட்டேன். மறைச்சு வித்தா எங்க வாப்பா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க. அதனால எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன். அதனால விக்கவும் மாட்டேங்குது."

"தண்ணியில நின்னதா?" சந்தானகிருஷ்ணனின் முகம் மலர்ந்தது.

"கண்ணாடி வரைக்கும் சார். முழுக்குளியல்."

"தம்பி, தண்ணி ஒரு குத்தமா? தண்ணி வரலேன்னா நாங்க ரோட்டை மறிக்கிறோம். வந்தா பூப்போட்டுக் கும்பிடறோம். நீங்க என்னடான்னா வெலையைக் குறைச்சு வெச்சிருக்கேளே!"

"அப்பா, நெல்லு தண்ணியில நிக்கலாம். கம்ப்யூட்டர் நிக்கக் கூடாது. இது உள்ள முழுக்க கம்ப்யூட்டர்."

"நீ சும்மா இரு. தம்பி, டிக்கியைத் தெறங்கோ."

டிக்கி திறந்தது. சந்தானகிருஷ்ணன் தலையை உள்ளே விட்டார். விட்டவர் வெளியே வரவில்லை. மேட்டூர் திறந்து, தலைப்புத் தண்ணீர் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு வந்து, வெடித்துக் கிடந்த வயலில் இறங்குமே, அந்த முதல்நாள் வாசனை உள்ளே இருந்தது. ஈர மண், அழுகிய வேர், கொஞ்சம் மீன். அவர் கண்கள் நிறைந்தன. விற்ற அஞ்சு மாவும் டிக்கிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

"நானும் எத்தனையோ சென்ட் அடிச்சுப் பாத்துட்டேன் சார், போகமாட்டேங்குது."

"அடிச்சேளா? பாவி!" என்றது டிக்கிக்குள்ளிருந்து குரல். "இது வண்டல் தம்பி. எங்க ஊர் வண்டல். காவேரி எங்கேயோ கரை ஒடைஞ்சு, எவனோ மிராசுதார் வண்டி மாட்டிண்டிருக்கு."

"மெட்ராஸ் நம்பர் சார்."

"இந்த மாதிரி வண்டிக்குத் தஞ்சாவூர்ல ஷோரூம் ஏது? அங்கே வாங்கினா அங்கே நம்பர் விழும். பேர் யார் பேர்ல இருக்கு?"

"ஏதோ கம்பெனி பேரு."

"பாத்தியா ஹம்சா, பெரிய மனுஷன்!"

ஓட்டிப் பார்க்கப் போனார்கள். பக்கத்தில் ஷஹ்பாஸ், பின்னால் ஹம்சத்வனி. வண்டி உறுமியது. சந்தானகிருஷ்ணனுக்கு அந்த உறுமலைத் தானே செய்தது போல் இருந்தது. பெரிய கோயில் பக்கம் திரும்புவதற்குள் கண்ணாடிகளெல்லாம் வெள்ளையாகப் பூத்துக்கொண்டன.

"உள்ள ஈரம் காயல சார். பின்கண்ணாடியில சூடு வர்ற கம்பியும் போச்சு. அதையும் சொல்லிட்டேன்" என்றான் ஷஹ்பாஸ்.

சந்தானகிருஷ்ணன் பின்னால் வருபவனைப் பார்க்க மேலே இருந்த சின்னக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் நடு ரோட்டில் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த டவுன் பஸ்காரன் அவருடைய தாயாரை விசாரித்துவிட்டு ஒதுங்கிப் போனான். அது அவர் காதில் விழவில்லை. பனி பூத்த பின்கண்ணாடியில், பூக்காத இடங்கள் எழுத்துகளாக நின்றன. கதிர்காத்த பெருமாள் துணை.

"ஹம்சா, திரும்பிப் பாரு!"

"இடம் வலம் மாறி ஏதோ எழுதியிருக்கு."

"இந்தச் சின்னக் கண்ணாடியில பாரு. நேரா இருக்கு. ஓட்டறவனுக்கு மட்டும் தெரியற மாதிரி எழுதியிருக்கார்."

"யாரு?"

"பெருமாள்!"

"பசைப்பா. யாரோ உள்பக்கமா ஸ்டிக்கர் ஒட்டியிருக்கா. சுரண்டினப்புறமும் பசை போகலை."

"ஆமா சார், நாங்கதான் சுரண்டினோம்" என்றான் ஷஹ்பாஸ்.

சந்தானகிருஷ்ணன் மந்தமானவர் அல்லர். ஸ்டிக்கர் என்றதும் யோசித்தார். அப்படி ஒரு ஸ்டிக்கரை அடித்துப் பங்காளிகள் எல்லோருக்கும் கூரியரில் அனுப்பியவரே அவர்தான். ஆனால் ஒருவரும் ஒட்டவில்லை. அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அடுத்த உற்சவத்தில் கோயில் வாசலில் நின்ற ஒவ்வொரு வண்டியின் பின்கண்ணாடியையும் குனிந்து பார்த்துவிட்டு, மனம் நொந்து, சாப்பிடாமல் திரும்பியவர். அவை ரயிலிலும் விமானத்திலும் வந்தவர்கள் எடுத்த வாடகை வண்டிகள் என்பது அந்த ஆராய்ச்சியில் சேரவில்லை. ஆகவே பங்காளிகள் ஒட்டவில்லை. ஆகவே பெருமாள்.

"நம்மாத்து மனுஷா யாரோட வண்டியாவது இருக்கும்பா."

"நம்மாத்து மனுஷாளா? அவா பெருமாள் பேரை ஒட்டுவாளா? போடி."

ஷஹ்பாஸ் கடைசி முயற்சியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், எங்க வாப்பா வயசு உங்களுக்கு. சொல்றதைக் கேளுங்க. வேணாம்."

சந்தானகிருஷ்ணன் நெகிழ்ந்துபோனார். "பாரு ஹம்சா, பிரிய மனசு வரலை அந்தப் பிள்ளைக்கு."

வண்டி வீட்டுக்கு வந்தது. அன்றே அது வீட்டு வாசல் சாய்வில் அடி தட்டி நின்றுவிட்டதால், தெருவில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டார்கள். உற்சவம் வரை சந்தானகிருஷ்ணன் தினமும் காலையில் டிக்கியைத் திறந்து, நாலு தடவை மூச்சு இழுத்து, மூடிவிட்டுக் காப்பி குடித்தார். மதுரம் அந்தப் பக்கம் போகும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பக்தி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தை உற்சவத்தன்று மூவரும் கிளம்பினார்கள். செந்நெற்குடி ரோடு முழுக்க அறுத்த சம்பா நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். மற்ற வண்டிகள் நெல்லின் மேல் ஏறிப் போகும். இது நெல்லை வயிற்றால் வழித்துக்கொண்டே போயிற்று. ஒரு பெண் கூட்டுமாறோடு ஓடிவந்து கையைக் காட்டினாள். பொன்னுத்தாய்.

"ஐயா, நீங்களா! நிறுத்துங்க, நிறுத்துங்க. ஒரு மூட்டை நெல்லு உங்க வண்டி அடியிலதான் போகுது."

"உன் நெல்லா பொன்னுத்தாயி?"

"நம்ம அஞ்சு மா நெல்லுதாங்க. இந்த வருசம் என்னமா மகசூல் கண்டிருக்கு தெரியுங்களா? உங்க கையில இருந்தப்பல்லாம் இப்படிக் கண்டதே இல்லீங்க." அவள் பெருமையாகச் சொன்னாள். குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஹம்சத்வனி இறங்கி, அடியில் மாட்டிய நெல்லை வழித்தெடுக்க அவளுக்குக் கைகொடுத்தாள்.

கோயில் வாசலில் கருப்பு வண்டி திரும்பியதும் பட்டர் துணியை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தார். கதவு திறந்தது. தரையோடு படுத்திருந்த வண்டியிலிருந்து சந்தானகிருஷ்ணன் கிணற்றிலிருந்து ஏறுவது போல் ஏறி வந்தார். முதலில் தலைதான் வெளியே வந்தது. வசதியான உயரம். பட்டரின் கை தன் பாட்டுக்குச் சுற்றிவிட்டது. சுற்றி முடித்த பிறகுதான் கீழே இருந்த முகத்தைப் பார்த்தார்.

"ஓ, சந்தானம் ஸ்வாமியா! வண்டி யாரோடது?"

"என்னோடது."

"பேஷ்!" என்றார் பட்டர். கட்டியதை அவிழ்க்க முகாந்திரம் இல்லை.

உறவுக்காரர்கள் கூடினார்கள். தலையில் பட்டுத்துணியோடு சந்தானகிருஷ்ணன் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "காவேரி வண்டல். அப்படியே இருக்கு. தலையை உள்ளே விட்டு நன்னா இழுத்துப் பாருங்கோ. அமெரிக்காவுல கிடைக்குமா?"

முதலில் பட்டர் இழுத்தார். "ஆஹா, வயக்காட்டு வாசனை!" பிறகு டெக்சாஸ் மாமா. அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தைகள், அத்திம்பேர்கள், முட்டி வலிக்காரர்கள் எல்லோரும் தீர்த்தத்துக்கு நிற்பது போல் வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராகத் தலையை விட்டு இழுத்தார்கள். ஒரு சித்தி இரண்டாம் தடவையும் வந்தாள்.

அப்போதுதான் ஸ்ரீவத்சனின் வாடகை வண்டி வந்து நின்றது. ஸ்ரீவத்சன் இறங்கினார். தம்பியின் தலையில் துணியைப் பார்த்துச் சிரித்தார். நிஜமான சிரிப்பு, பொறாமை துளியும் இல்லை. பிறகு கருப்பு வண்டியைப் பார்த்தார். பின்கதவைத் திறந்து, இடப்பக்க சீட்டின் மடிப்பில் விரலை விட்டார்.

"அட! இருக்கே! சிகரெட் பட்ட ஓட்டை. எங்காத்துக்காரிக்குத் தெரியாம இந்த மூலையில உக்காந்துதான் பிடிப்பேன். டேய் சந்தானம், இது என் வண்டிடா!"

சந்தானகிருஷ்ணன் தலைத்துணியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கம்பெனி பேர்ல வாங்கினேன். முந்தின வருஷ மழைக்கு அபார்ட்மென்ட் கீழ்த்தளத்துல மூணு நாள் முழுகிக் கிடந்தது. இன்சூரன்ஸ்காரன் எடுத்துண்டு போயிட்டான். எங்கே போச்சோன்னு நினைச்சிண்டிருந்தேன். நம்மாத்துக்கே வந்துடுத்தே!"

"காவேரித் தண்ணி இல்லையா?" என்றாள் இரண்டு தடவை இழுத்த சித்தி.

"காவேரியா? மெட்ராஸ்ல ஏது சித்தி காவேரி! மழைத்தண்ணியாவது பரவாயில்லை. மொத்தக் குடியிருப்போட செப்டிக் டேங்கும் அன்னைக்குத்தான் பொங்கி வண்டி மேலேயே கவுந்தது. நூத்தியிருபது வீடு. அந்த நாத்தம் சகிக்காமதான் ரிப்பேர் பண்ணாம விட்டேன். நீங்க ஏன் எல்லாரும் டிக்கியண்டை நிக்கறேள்?"

முதலில் டெக்சாஸ் மாமா கோயில் மதிலோரம் போய்க் குனிந்தார். சித்தி அவரைத் தொடர்ந்தாள். பட்டர் குளத்தை நோக்கி நடந்தார். தீட்டுப் பட்ட பட்டர் மறுபடி ஸ்நானம் செய்யும்வரை பெருமாளுக்குத் தளிகை இல்லை, பெருமாளுக்குத் தளிகை இல்லாமல் மனிதருக்குச் சாப்பாடு இல்லை. மாத்திரை போட்டுக்கொண்ட சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் சந்தானகிருஷ்ணனைப் பார்த்தார்கள். மதுரம் தரையைப் பார்த்தாள். ஹம்சத்வனி போய் டிக்கியை மெதுவாக மூடினாள்.

பட்டர் ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து நேராக சந்தானகிருஷ்ணனிடம் போனார்.

"ஸ்வாமி, கொஞ்சம் குனியுங்கோ."

முதல் தீர்த்தம் என்று நினைத்து அவர் குனிந்தார். பட்டர் துணியை அவிழ்த்தார்.

"தப்பா நினைச்சுக்கப்படாது. அண்ணா வண்டின்னு தெரியாம உங்களுக்குக் கட்டிட்டேன்."

"எனக்கெதுக்குய்யா, அவனே வெச்சுக்கட்டும், பாவம்" என்று சொல்லிக்கொண்டே ஸ்ரீவத்சன் தலையைக் குனிந்தார். குனிந்து அவருக்குப் பழக்கம் இருந்தது.

சாப்பாடு முடிய மாலையாகிவிட்டது. ஸ்ரீவத்சன் வாடகை வண்டியை அனுப்பிவிட்டார். "எதுக்கு தண்டம்? சந்தானம் என்னைத் தஞ்சாவூர் ஸ்டேஷன்ல விட்டுடுவான். என் வண்டி இருக்கறச்சே நான் ஏன் வாடகை குடுக்கணும்?"

"நானும் ஹம்சாவும் பஸ்ல வரோம்" என்றாள் மதுரம்.

"ஏன், இடம் இருக்கே?"

"பஸ்ல மூச்சு விடலாம்."

ஸ்ரீவத்சன் பின்சீட்டில், இடப்பக்க மூலையில், பழைய இடத்தில் சாய்ந்துகொண்டார். பரிவட்டம் இன்னும் தலையில் இருந்தது. சந்தானகிருஷ்ணன் வண்டியை எடுத்தார். ரோட்டோரம் நெல்லை அள்ளிக்கொண்டிருந்த பொன்னுத்தாய், வண்டியைக் கண்டதும் கூட்டுமாறைக் கீழே போட்டுவிட்டுப் பின்சீட்டைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டாள். ஸ்ரீவத்சன் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

பனி இறங்க ஆரம்பித்திருந்தது. இரண்டு பேரின் மூச்சில் கண்ணாடிகள் பூத்தன. சந்தானகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தார். சின்னக் கண்ணாடியில் பட்டுத்துணி சுற்றிய தலை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், நேராக, தெளிவாக, அவருக்கு மட்டும் தெரியும்படி, பெருமாளின் பெயர்.

"அண்ணா, அந்த ஸ்டிக்கர்..."

"நீ அனுப்பிச்சதுதாண்டா. மத்தவா எல்லாம் குப்பையில போட்டுட்டா. நான் ஒருத்தன்தான் ஒட்டினேன். மறு வாரமே வண்டி முழுகிடுத்து."

ஒரு வேகத்தடை வந்தது. வண்டியின் வயிறு அதன்மேல் முனகிக்கொண்டே ஊர்ந்து இறங்கியது.

"பின்னாடி வர்றவன் தெரியறானோ நோக்கு? இருட்டிண்டு வர்றது" என்றார் ஸ்ரீவத்சன். திரும்பிப் பார்த்தார். "ஓ, இன்னும் போகலையா இது!" தலையிலிருந்த பரிவட்டத்தை உருவி, பந்தாகச் சுருட்டி, பின்கண்ணாடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தித் துடைத்தார். பசை விட்டுக்கொடுக்கவில்லை. துணியில் எச்சில் தொட்டு மறுபடி தேய்த்தார். பெருமாள் கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு, கருப்பாகத் திரண்டு, பட்டில் ஒட்டிக்கொண்டார். ஸ்ரீவத்சன் துணியைத் தன் காலடியில் போட்டார்.

"இப்போ நன்னா தெரியறதா?"

"தெரியறதுண்ணா" என்றார் சந்தானகிருஷ்ணன்.